படுத்தபாறைச் சோறு

"சோறு வெந்திருக்கு," என்றான் கோமதிநாயகம்.

"வேகலை," என்றாள் பேச்சித்தாய்.

அவள் இலைப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. வந்தாள், அடுப்படியைப் பார்த்தாள், பாறையை ஒரு சுற்றுச் சுற்றினாள், சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். மலை இறங்கத் தொடங்கிவிட்டாள்.

கோமதிநாயகம் பொட்டலத்தைத் தானே பிரித்தான். பருக்கை பருக்கையாகப் பிரிந்து கிடந்தது சோறு. ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினான். நடுவில் அரிசி இல்லை. இதை வேகவில்லை என்று சொல்லுகிறவளுக்கு நாக்கும் கிடையாது, மூக்கும் கிடையாது என்று நினைத்தான்.

நினைத்ததைச் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி மலையேற விடமாட்டாள்.

அவன் சாதாரண ஆள் இல்லை. கல்யாணச் சமையல்காரன். கோமதிநாயகம் வடித்த சோறு என்றால் சம்பந்திச் சண்டைகூடப் பந்தி முடிகிறவரை தள்ளிப்போகும். எத்தனை இலை விழுந்தாலும் கலங்கமாட்டான். சோற்றில் குறை சொல்லி அவன் கேட்டதே இல்லை.

அப்படிப்பட்டவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்ததற்குக் காரணம் அவன் தம்பி ஆவுடையப்பன்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கோவில். ஆடி மாதம் கூட்டம் போகும். காட்டில் ஒரு ராத்திரி தங்கித்தான் போகவேண்டும். தங்குகிற இடத்தில் யானை படுத்திருப்பதுபோல ஒரு பாறை. படுத்தபாறை என்பார்கள்.

ஆவுடையப்பன் ஆண்டு தவறாமல் போகிறவன். ஒரு வருடம் ஏதோ வேலையில் ஒருநாள் தாமதமாகிவிட்டது. கூட்டம் முன்னால் போய்விட்டது. அது படுத்தபாறையில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஆவுடையப்பன் மறுநாள் தனியே ஏறினான். மழை பிடித்துக்கொண்டது.

கோவிலிலிருந்து திரும்பிய கூட்டம்தான் அவனைப் பார்த்தது. பாறையடியில் விறைத்துக் கிடந்தான்.

இனி இந்த மலையில் ஓர் ஆளும் குளிரில் சாகக்கூடாது. இதுதான் கோமதிநாயகம் எடுத்த முடிவு. அதற்கு அவன் வழித்துணையாக வேண்டும். கூட்டத்தை மலை தாண்டிக் கூட்டிப்போகிறவர்களை அங்கே வழித்துணை என்பார்கள். பேச்சித்தாய் சரி என்று சொல்லாமல் யாரும் வழித்துணை ஆகமுடியாது. அவளே பல வருடம் கூட்டம் கூட்டிப் போனவள். கோமதிநாயகத்தைவிட வயதில் நன்றாகச் சின்னவள். அது அவனுக்கு முதலில் கொஞ்சம் உறுத்தியது. பிறகு உறுத்தவில்லை.

முதல்நாள் தம்பி கதையை அவளிடம் சொன்னான். எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள். அவள் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"தீப்பெட்டி நனைஞ்சிருந்ததா?"

"இல்லம்மா. எண்ணெய்த் துணியில சுத்தி வச்சிருந்தான். பெட்டி காஞ்சுதான் இருந்தது. குச்சி பூராவும் கிழிச்சுத் தீத்திருக்கான்."

"கை எங்க இருந்தது?"

இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

"ஒரு கை பாறைப் பொந்துக்குள்ள போயிருந்தது. பாம்பு தீண்டியிருக்கும்னாங்க. உடம்புல கடிவாயே இல்ல."

பேச்சித்தாய் ஓர் அரிவாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"அரிவாள் தீட்டத் தெரியுமா அண்ணாச்சி?" என்றாள் பிறகு. சேர்த்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

அவளுடைய தேர்வு ஒன்றே ஒன்றுதான். படுத்தபாறையில் தனியே ஒரு ராத்திரி தங்கவேண்டும். ஒரு பானை, ஓர் அரிவாள், ஒரு தீப்பெட்டி, ஒரு கைப்பிடி அரிசி. காலையில் அவள் ஏறி வருவாள். சோற்றை அவளிடம் கொடுக்கவேண்டும். வெந்திருக்கிறது என்றால் வழித்துணை. வேகவில்லை என்றால் மறுபடி, அல்லது ஊருக்கு.

சோறு வடிக்கிறவனிடம் சோறு வடிக்கச் சொல்கிறாளே என்று கோமதிநாயகம் சிரித்துக்கொண்டே ஏறினான். அது முதல்தடவை.

அன்றைக்குச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. காட்டில் கைபட்ட இடமெல்லாம் ஈரம். எதையும் தொடங்கும் முன் தம்பியின் கை இருந்த பொந்தைப் பார்த்துவிடலாம் என்று பாறைக்குப் பின்னால் போய்க் குனிந்தான்.

உள்ளே விறகு இருந்தது.

பிளந்து, காய்ந்து, அளவாக அடுக்கிய விறகு. மேலே தேக்கிலையில் மடித்து ஒரு குங்கிலியக் கட்டி. மழையிலும் பற்றிக்கொள்ளும் சரக்கு அது.

தேனெடுக்க வந்தவர்கள் யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தான். நல்லநேரம் என்று நினைத்தான். தம்பிதான் காட்டிக்கொடுத்தான் என்றும் தோன்றிக் கண் கலங்கியது.

கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

கல்யாண அடுப்பில் ஒரு முறை உண்டு. சோறு இறங்கும்போது விறகும் தீரவேண்டும். அடுப்படியில் ஒரு சுள்ளி மிஞ்சினாலும் அவன் கணக்குத் தெரியாத சமையல்காரன். தொழில் பழகிய காலத்தில் இதற்காகக் கோமதிநாயகம் கரண்டிக் காம்பால் அடிவாங்கியிருக்கிறான். அதனால் அன்றைக்கும் கணக்காக எரித்தான். கடைசிச் சுள்ளி சாம்பலானபோது சோறு இறங்கியது.

காலையில் தழையை ஒடித்துப் பாறையடியைக் கூட்டினான். ஒரு சிராய்கூட இல்லை. சோற்றை விடுங்கள், இந்தச் சுத்தத்தைப் பார்த்தே அசந்துபோவாள் என்று நினைத்தான்.

பேச்சித்தாய் அந்தச் சுத்தத்தை ரொம்ப நேரம் பார்க்கத்தான் செய்தாள். பாறைக்குப் பின்னால் போனாள். வந்தாள்.

"வேகலை," என்றாள்.

மலையிறங்கும்போது வழிநெடுக யோசித்தான். அடிவாரம் வரும்போது பிடிபட்டுவிட்டதாக நினைத்தான். யாரோ வெட்டிய விறகில் சமைத்தது தப்பு. சொந்தக் கையால் விறகு தேடாதவன் என்ன வழித்துணை? அதைத்தான் அவள் சொல்லாமல் சொல்கிறாள்.

வைராக்கியம் வந்துவிட்டது.

அதன்பிறகு அவள் கற்றுக்கொடுத்ததையெல்லாம் பிடிவாதமாகக் கற்றான். தரையில் கிடக்கிற கட்டையைத் தொடாதே, அது தண்ணீரைக் குடித்திருக்கும். மரத்திலேயே பட்டுப்போய்த் தொங்குகிற கிளையை வெட்டு. பட்டையை உரித்துவிடு. நடுவே பிள, உள்ளே காய்ந்திருக்கும். அந்த உள்கட்டையைச் சீவி முதலில் பற்றவை. பெரியதை ஏற்ற அவசரப்படாதே.

கையெல்லாம் கொப்புளம். சாப்பிடும்போது காரம் பட்டு எரியும். ஒருநாளும் வாய்திறந்து சொல்லவில்லை.

இரண்டாம் தடவை ஏறியபோது சாரல் இல்லை, மழையே பெய்தது. பொந்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக்கூடாது என்ற முடிவோடு போயிருந்தான். கிளை தேடினான், வெட்டினான், உரித்தான், பிளந்தான். பாறை முன்பக்கம் குடைபோல நீட்டிக்கொண்டிருக்கும். அதனடியில் அடுப்புக் கூட்டினான். அடுப்புக்கு ஓடையிலிருந்து உருண்டையாக மூன்று கல் எடுத்துவந்தான். கல்யாண வீட்டில் கல் மேடுபள்ளமாக இருந்தால் அவனுக்குப் பிடிக்காது.

தீ நன்றாகப் பிடித்தது. உலை கொதித்தது. திடீரென்று வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். அடுப்புக்கல் ஒன்று தெறித்துச் சிதறியது. பானை கவிழ்ந்தது. உலைத்தண்ணீர் தீயை அணைத்தது. ஒரு சில்லு அவன் காதோரம் பறந்துபோனது.

ஓடைக்கல்லும் தண்ணீர் குடித்திருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

இன்னொருவனாக இருந்தால் முக்காட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பான். கோமதிநாயகம் சிந்திய அரிசியை மண்ணிலிருந்து பொறுக்கினான். கழுவினான். ஓடையை விட்டுத் தள்ளி, மேட்டில் கிடந்த கல்லாகப் பார்த்துக் கொண்டுவந்தான். மறுபடி கிளை தேடப் போனான். மறுபடி பிளந்தான். சோறு வெந்தது. பழைய கணக்கு தப்பவில்லை. விறகும் தீர்ந்தது.

காலையில் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினான். பெருமையில்தான்.

பேச்சித்தாய் வெடித்த கல்லைக் காலால் புரட்டினாள்.

"ஆத்துக்கல்லா?"

"ஆமாம்மா."

"இனி எடுக்கமாட்டீங்க."

பாறைக்குப் பின்னால் போய்வந்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"வேகலை."

இந்தமுறை கோமதிநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. என் குற்றம் என்ன என்று கேட்டான். விறகு நான் வெட்டியது, தீ நான் மூட்டியது, யாருடைய ஒரு துரும்பும் இதில் இல்லை என்றான். இன்னும் நிறையச் சொன்னான். ஊரில் தன் சோற்றுக்கு இருக்கும் பெயரையும் சொன்னான். எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டாள்.

"கையை நீட்டுங்க," என்றாள்.

நீட்டினான்.

அவள் தன் மூடிய கையை அவன் உள்ளங்கைமேல் வைத்தாள். எதையோ கொடுப்பதுபோல் விரல்களை விரித்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

அவன் கையில் ஒன்றும் இல்லை.

"என்னத்தக் குடுத்தீங்க?" என்றான்.

"என்னத்த எதிர்பாத்தீங்க?"

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். விளையாடுகிறாள் என்று நினைத்தான்.

"ஆடி பொறக்கப்போகுது அண்ணாச்சி," என்றாள் அவள். "இன்னும் ஒருதடவை ஏறுங்க. அப்பவும் வேகலைன்னா ஊருக்குப் போயிருங்க. கூட்டத்தை உங்க கையில ஒப்படைக்க என்னால முடியாது."

கடைசித் தடவை ஏறும்போது கோமதிநாயகம் சிரிக்கவில்லை. இதில் தவறினால் ஊருக்குப் போகவேண்டும். ஊருக்குப் போனால் தம்பி செத்தது செத்ததுதான். அடுத்த மழையில் வேறொரு தம்பி சாவான். அதை வீட்டில் உட்கார்ந்து காதில் கேட்டுக்கொள்ளவேண்டும்.

படுத்தபாறைக்கு வந்து சேர்வதற்குள்ளேயே மழை கொட்டத் தொடங்கியது. காற்றும் சேர்ந்துகொண்டது. மேலே தொங்கிய கிளைகளெல்லாம்கூட நனைந்து கனத்தன. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

அவசரப்பட்டான். தோற்றுவிடுவோமோ என்ற பயம். சரியாகப் பிளக்காத கட்டையில் தீக்குச்சியைக் கிழித்தான். புகைந்தது, அணைந்தது. மறுபடி கிழித்தான். மறுபடி அணைந்தது. விரல் மரத்துப்போய்க் குச்சிகள் ஒடிந்தன. பல் கிட்டிக்கொண்டது. அரிவாளைப் பிடிக்கப் பார்த்தான். பிடி நிற்கவில்லை.

இப்படித்தான் சாவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தான்.

பாறையை ஒட்டிச் சுருண்டுகொண்டான். தவழ்ந்து பின்பக்கம் போனான். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் பொந்துக்குள் போனது. தோள்வரை விட்டுத் துழாவினான்.

கல். ஈர மண். மறுபடி கல்.

வேறொன்றும் இல்லை.

அவன் கையை வெளியே எடுக்கவில்லை. அப்படியே கிடந்தான்.

ஆவுடையப்பன் இங்கேதான் கிடந்தான். இதே கையைத்தான் இப்படி நீட்டியிருந்தான். பாம்பும் இல்லை, கீம்பும் இல்லை. வருடாவருடம் போகிறவனுக்கு இந்தப் பொந்தில் என்ன இருக்கும் என்று தெரியும். அதைத்தான் தேடியிருக்கிறான். முந்தினநாள் தங்கிய கூட்டம் அதை எரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது.

அடுத்த நினைப்பு வந்ததும் கோமதிநாயகத்துக்குக் குளிர்கூடத் தெரியவில்லை.

முதல்தடவை வந்தபோது இங்கே இருந்ததை எரித்தது யார்? கடைசிச் சுள்ளிவரை கணக்காக எரித்தது யார்? எரித்துவிட்டுப் பாறையடியைப் பெருக்கி வைத்தது யார்?

வாய்விட்டு அழுதான். காட்டில் கேட்பாரில்லை. மழைச் சத்தத்தில் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அழுது முடித்ததும் எழுந்தான். கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றினான். அரிவாளை எடுத்தான்.

இந்தமுறை அவசரமே இல்லை. பட்டுப்போன கிளை ஒன்றைத் தேடி, மரத்தைப் பிடித்து ஏறி வெட்டினான். பட்டையை உரித்தான். பிளந்தான். பிளந்ததை மறுபடி பிளந்தான். உள்கட்டையைத் தேங்காய்ப்பூவாகச் சீவினான். பாறையின் குடைக்கு அடியில் வைத்து, உடம்பால் காற்றை மறைத்துக்கொண்டு, மிச்சமிருந்த குச்சியில் ஒன்றைக் கிழித்தான்.

பிடித்தது.

வெளிச்சம் மங்குவதற்குள் இன்னும் கிளைகள் கொண்டுவந்தான். பிளந்த ஈர விறகைத் தீயைச் சுற்றிச் சாய்த்துவைத்தான். அப்பளம் சுடுவதுபோல ஒவ்வொன்றாகப் புரட்டிக் காயவைத்தான். காய்ந்ததை எடுத்து ஒருபக்கம் அடுக்கினான்.

பானையில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

விறகு காயக் கங்கு போதும். உலை கொதிக்கத் தழல் வேண்டும். தழலுக்குக் காய்ந்த விறகைப் போடவேண்டும். சமையல்காரன் கண்ணால் அளந்து பார்த்தான். அந்தக் கண்ணுக்குத் தப்பே வராது. காய்ந்தது ஒரு பானைச் சோற்றுக்குச் சரியாக இருக்கும். சோறு இறங்கும்போது விறகும் தீரும்.

பசித்தது. வயிற்றைக் கிள்ளுகிற பசி. காலையில் பேச்சித்தாய் வருவாள். கடைசித் தடவை என்று சொல்லியிருக்கிறாள்.

பானையை எடுத்து ஓரமாக வைத்தான்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. பேச்சித்தாய் ஏறி வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். கங்கு மட்டும் கிடந்தது. பானை அடியில் கரியே இல்லை. அதையும் பார்த்தாள்.

கோமதிநாயகம் எழுந்து நின்றான். கண் சிவந்து, முகமெல்லாம் புகை அப்பி, ஊருக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்தான்.

அவள் பாறைக்குப் பின்னால் போனாள். வழக்கத்தைவிட அதிகநேரம் அங்கே இருந்தாள். திரும்பி வந்தபோது, பொந்துக்குள் விட்டுப் பார்த்த கையில் முழங்கைவரை மரத்தூள் ஒட்டியிருந்தது.

அவன் இலைப் பொட்டலத்தை நீட்டினான்.

"வேகலைம்மா," என்றான். "நானே சொல்லிருதேன்."

பேச்சித்தாய் முதல்முறையாகப் பொட்டலத்தை வாங்கினாள். பிரித்தாள். உள்ளே ஊறின பச்சரிசி, வெள்ளையாக, அப்படியே இருந்தது.

ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். நறநறவென்று மென்றாள். இன்னொரு வாய் போட்டுக்கொண்டாள். ஒரு மணி விடாமல் தின்று முடித்தாள். இலையை மடித்தாள்.

"வெந்திருக்கு அண்ணாச்சி," என்றாள்.